விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், பையனையும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

குடியாத்தம்_பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். 2016ல் வள்ளிமலையில் கல்யாணம். ஒரே பையன், ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. வீட்டுக்காரருக்கு அணைக்கட்டு பக்கம் ஊர், சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார்.

குடி, அடி இரண்டும் உண்டு. விவரமாக எழுத மனசில்லை. போன வருஷம் ஆடிக்கு முன்னாடி பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் நைனா வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். புகாருக்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருக்கிறது.

இப்போது அவர்கள் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுகிறார்கள். கல்யாணத்தை முறித்துக்கொள்வதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மொத்தமாக இரண்டு லட்சம் தருவார்களாம். பையன் அவர்களிடம் இருக்க வேண்டுமாம். “இனிமேல் ஜீவனாம்சம் என்றோ வேறு எதற்கோ கேட்டு வரமாட்டேன்” என்று ஒரு வரியும் அதில் இருக்கிறது. என் மாமியார் சொல்வது இது: “அஞ்சு வயசு வரைக்கும்தான் அம்மாகிட்ட, அதுக்கு மேல அப்பனுக்குத்தான்னு சட்டமே சொல்லுது. கோர்ட்டுக்குப் போனா இந்த ரெண்டு லட்சமும் வராது.”

வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா காட்டிவிட்டு வருகிறேன் என்று பையனைக் கூட்டிப் போனவர், ராத்திரி கொண்டுவந்து விடவில்லை. மூன்றாம் நாள் என் அண்ணன் போய்ச் சண்டை போட்டுத்தான் கூட்டிவந்தார். அதிலிருந்து பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆனாலே எனக்குக் கை ஓடமாட்டேன் என்கிறது.

அந்தப் பத்திரம் செல்லுமா? பையன் விஷயத்தில் சட்டம் அப்படித்தான் சொல்கிறதா? எனக்குப் பிடித்தம் போக 12,000 சம்பளம் வருகிறது, அதனால் ஜீவனாம்சம் கிடைக்காது என்கிறார்கள். அவர் தனக்கு வருமானமே இல்லை என்கிறார். எங்கள் வீட்டில் போட்ட 12 சவரனில் 7 சவரனை அந்த வண்டி வாங்கத்தான் அடகு வைத்தார், அது இன்னும் திரும்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விருதம்பட்டு_வாசி:

தங்கச்சி, கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். வக்கீல் ஃபீஸ், கம்பெனி லீவு எல்லாம் யோசித்துப் பாருங்கள். பெரியவர்களை வைத்து இரண்டை மூன்றாகவோ நாலாகவோ பேசி முடித்துக்கொள்வது நல்லது என்று எனக்குப் படுகிறது.

சத்துவாச்சாரி_குமாஸ்தா:

மேலே எழுதியிருப்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நாலு லட்சம் கொடுத்தாலும் அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாதே, அதற்கு என்ன செய்வது?

நான் வக்கீல் இல்லை அம்மா, வக்கீல் குமாஸ்தா. மாவட்டப் பெயர்ப்பலகையில் வட ஆற்காடு அம்பேத்கர் என்று இருந்த காலத்திலிருந்து கட்டுத் தூக்கிக்கொண்டு இருக்கிறேன். குடும்ப வழக்கு என்றால் மனு எழுதுவதிலிருந்து வாரண்டு வரைக்கும் பார்த்தாயிற்று. உங்கள் வழக்கைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் வக்கீல்தான். பொதுவாகச் சட்டம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இந்து திருமணச் சட்டம் 1955ல் வந்தது. அதன்படி கல்யாணம் முறிவது நீதிமன்றத் தீர்ப்பாணையால்தான். பத்திரத்தாளில் எழுதினாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும், பத்து பெரியவர்கள் சாட்சி போட்டாலும் நீங்கள் இரண்டு பேரும் சட்டப்படி புருஷன் பெண்டாட்டிதான். சாதி வழக்கப்படி அறுத்துவிடும் முறைக்கு அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் எங்கள் சாதியில் தொன்றுதொட்டு இருக்கிறது என்று, அதைச் சொல்கிறவர் கோர்ட்டில் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். “எங்க ஊருல எல்லாம் இப்படித்தான் சார்” என்பது சாட்சியம் ஆகாது. அந்தத் தாளை நம்பி அவர் வேறு கல்யாணம் செய்தால் அது செல்லாத கல்யாணம், குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை தண்டனைக்கும் இடம் உண்டு. நாளைக்கு நீங்கள் ஒரு நல்ல இடத்தில் மறுமணம் செய்ய நினைத்தாலும் இதே கதிதான். ஆகவே அந்தத் தாளால் கூலிக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவருக்குத்தான் லாபம்.

ஐந்து வயசுக் கதையை உங்கள் மாமியார் மட்டும் சொல்லவில்லை, மாவட்டம் முழுக்கச் சொல்கிறார்கள். 1956ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவில், ஐந்து வயசு முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து முடிந்த அன்றே அப்பாவிடம் ஒப்படைத்துவிடு என்று எந்த வரியும் கிடையாது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள், குழந்தையின் நலன்தான் முதன்மை என்கிறது. கோர்ட் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. “அப்பாதான் இயற்கைக் காப்பாளர், அப்புறம்தான் அம்மா” என்று சட்டத்தைப் படித்துக் காட்டுவார்கள். 1999ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டது. அப்பா பொறுப்பில் இல்லாத நிலையில், அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மா காப்பாளராக இருக்கலாம் என்று சொல்லிவிட்டது.

நலன் என்றால் கோர்ட்டில் என்ன பார்ப்பார்கள்? காசு யாரிடம் அதிகம் என்பது கடைசிக் கேள்வி. இத்தனை நாள் யார் வளர்த்தது, எந்தப் பள்ளியில் படிக்கிறான், நீங்கள் ஷிஃப்டுக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் குடி உண்டா, இதைத்தான் கேட்பார்கள். உங்கள் நைனா, அம்மா வீட்டில் இருந்து பையனைப் பார்த்துக்கொள்வதை மனுவில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நீதிபதி பையனைத் தனியாக அறைக்குள் அழைத்துப் பேசவும் செய்வார். கோட்டு போட்டவரைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க, டிபன் பாக்ஸ் யார் கட்டுவது, பள்ளிக்கூடத்தில் யாரோடு விளையாடுவாய் என்று ஆரம்பிப்பார்கள். ஏழு வயசுப் பிள்ளையின் பதிலைக் கேட்டுக்கொள்வார்களே தவிர, அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். நான் வாசலில் கட்டோடு நின்ற ஒரு வழக்கில், பையன் எந்தச் செக்‌ஷன் என்று அப்பாவிடம் கேட்டார்கள். மனுஷன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். அந்தம்மா “ஏ-வா, பி-யாடா?” என்று அவரையே கேட்டது. நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து எழுதிக்கொண்டார்.

பையன் இப்போது உங்களிடம் குடியாத்தத்தில் இருக்கிறான் அல்லவா? குழந்தை வழக்கமாகக் குடியிருக்கும் இடத்துக் கோர்ட்டுக்குத்தான் காப்பாளர் மனுவுக்கு அதிகாரம், 1890ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அதனால் முந்திக்கொள்ளுங்கள். அடித்ததற்கு சி.எஸ்.ஆர். இருப்பதால் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் மாஜிஸ்ட்ரேட் முன்னால் மனு போடலாம். அதன் 21ஆம் பிரிவில் குழந்தையைத் தற்காலிகமாக உங்களிடமே வைத்திருக்க உத்தரவு வாங்க வழி இருக்கிறது. அப்படி ஒரு உத்தரவு நகல் கையில் இருந்தால், திருவிழாவுக்குக் கூட்டிப்போய்த் திருப்பி விடாத கதை வந்தால் போலீஸ்காரர் உங்களிடம் “இது குடும்ப விவகாரம்மா” என்று சொல்வது குறையும்.

இப்போது பணம். நான் எழுதுவதிலேயே முக்கியம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். ஜீவனாம்ச வழக்கை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவை வைத்து 125 கேஸ் என்றோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதாவின் 144ஆம் பிரிவு. பழக்கத்தில் இன்னும் 125 என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். விவாகரத்து கேட்காமலேயே ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம், உங்களுக்குத் தனியாக, பையனுக்குத் தனியாக. நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சமும் உண்டு. அந்த மனுவை, எதிராளிக்கு நோட்டீஸ் சார்வு ஆனதிலிருந்து, அதாவது கையில் சேர்ந்ததிலிருந்து, 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்கச் சொல்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா விழும், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், எப்போது உத்தரவு ஆனாலும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. இதன் அர்த்தம் புரிகிறதா? வாய்தா இழுத்தாலும் பாக்கி ஏறிக்கொண்டே போகும். மனுவே போடாமல் பெரியவர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த மாதத்துக்குக் காலணா கிடையாது. அவர்கள் பேச்சை இழுப்பதில் உங்களுக்குத்தான் நஷ்டம். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

அதே தீர்ப்பின்படி இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் 12,000ஐ மறைக்காதீர்கள். பி.எஃப். கணக்கைக் கேட்டால் வெளியில் வந்துவிடும், பொய்ச் சத்தியம் என்று உங்கள் பக்கம் திரும்பும். சம்பாதிக்கிற பெண்ணுக்கு ஜீவனாம்சமே கிடையாது என்பது தப்பு. அந்தச் சம்பளம் போதுமா, அவர் வீட்டில் இருந்த வசதிக்கு ஈடா என்று பார்ப்பார்கள். தொகை குறையலாம், அவ்வளவுதான். பையனுக்கான தொகைக்கு நீங்கள் சம்பாதிப்பது தடையே கிடையாது.

வருமானம் இல்லை என்று அவர் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வண்டி ஆர்.சி. அவர் பேரில் இருந்தால் அதன் நகல், வண்டிக் கடனுக்கு மாதத் தவணை போகும் பேங்க் விவரம், வண்டியில் அவர் பேரும் போன் நம்பரும் எழுதியிருக்கும் போட்டோ, லோடு வாடகை ஜிபேயில் வந்த ஸ்கிரீன்ஷாட் ஏதாவது உங்கள் போனில் இருந்தால் அது. மாதம் தவணை கட்டுகிறவனுக்கு வருமானம் இல்லை என்று எந்த நீதிபதி நம்புவார்? உடம்பில் தெம்பு உள்ள ஆள் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளையைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022ல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்று ரேட் கார்டு எதுவும் இல்லை. சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017ல் ஒரு தீர்ப்பில் வந்ததைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் “கால் பங்கு, கால் பங்கு” என்பார்கள். கூடும், குறையும்.

உத்தரவு ஆகியும் கட்டவில்லை என்றால் வாரண்டு. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும், இதை மறந்துவிட்டுப் பல பெண்கள் வந்து நிற்பார்கள்.

“இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன்” என்ற வரிக்கு வருகிறேன். பையனுடைய ஜீவனாம்சம் பையனுடைய உரிமை. அதை அம்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது, எழுதிக் கொடுத்தாலும் அவன் பேரில் மறுபடி கேட்கலாம். உங்கள் பங்குக்கு அது சிக்கலை உண்டாக்கும். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் 144ல் மனைவிக்குக் கிடையாது என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. அந்தத் தாளை எடுத்து நீட்டி “சம்மதித்துத்தான் போனாள்” என்பார்கள். அடிக்குப் பயந்து வந்தவள், சம்மதித்துப் பிரிந்தவளாக ஆகிவிடுவீர்கள்.

நகை உங்கள் சீதனம், உங்கள் சொத்து. 1985லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ந்துபோன விஷயம். அடகு ரசீது யார் பேரில் இருக்கிறது, கல்யாணப் போட்டோவில் எந்த நகை தெரிகிறது, நைனா வாங்கிய கடை பில் இருக்கிறதா என்று தேடி எடுத்து வையுங்கள்.

விவாகரத்தே வேண்டும் என்று நீங்களும் நினைத்தால், இரண்டு பேரும் சேர்ந்து, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போடலாம். ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது ஆகிவிட்டது. முதல் மனுவுக்கும் இரண்டாவது தடவை வந்து சொல்வதற்கும் நடுவில் ஆறு மாதம் இடைவெளி. பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகி, சமரசம் தோற்று, பணம், பிள்ளை எல்லாம் பேசி முடிந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் தீர்ப்பு வந்தது. பணத்தை எங்கேயும் ரொக்கமாக வாங்காதீர்கள். பாதி டி.டி. முதல் தடவை, மீதி டி.டி. இரண்டாவது தடவை நீதிபதி முன்னால் என்று எழுதிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பையனை நீங்கள் வைத்துக்கொள்வது, அவர் வந்து பார்ப்பது, மாதாமாதம் எவ்வளவு, எல்லாம் அந்த மனுவிலேயே வரவேண்டும். தீர்ப்பு ஆகும் வரைக்கும் யாரும் சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

வக்கீல் ஃபீஸ் என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. வேலூரில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவிலும் குழு உண்டு. 15100க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

காட்பாடி_அப்பா:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரலும் இருக்கட்டும். எனக்கு ஒன்பது வயதில் மகள், அம்மாவிடம் வளர்கிறாள். நான் ஒரகடத்தில் வேலை. கோர்ட் உத்தரவுப்படி மாதத்தில் இரண்டாவது, நாலாவது ஞாயிறு காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை என்னோடு. கோட்டைப் பூங்காவில் வைத்து ஒப்படைப்பது, திரும்ப அங்கேயே விடுவது. புதன்கிழமை சாயங்காலம் வீடியோ கால். முழுப் பரீட்சை லீவில் பாதி.

ஆரம்பத்தில் என் ஞாயிறு வந்தாலே குழந்தைக்குக் காய்ச்சல் என்பார்கள். நான் பூங்கா வாசலில் ஐஸ் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டு நின்றுவிட்டு வருவேன். கோபத்தில் ஒருமுறை பணத்தை நிறுத்திவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் நன்றாகத் திட்டினார். பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமலும் இருக்க முடியாது, இரண்டும் தனித்தனி என்றார். வராத ஒவ்வொரு ஞாயிறுக்கும் வாட்ஸ்அப் செய்தியைப் பிரிண்ட் எடுத்து மனு போட்டோம், நீதிபதி கண்டித்தபின் காய்ச்சல் குணமாகிவிட்டது.

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அவர் பையனைப் பார்க்கவே கூடாது என்று மனுவில் எழுதாதீர்கள், அது உங்கள் பேரைத்தான் கெடுக்கும். குடிப்பவர் என்றால் அதற்கு நிபந்தனை கேளுங்கள்: கோர்ட் வளாகத்திலேயே பார்க்க வேண்டும், ராத்திரி தங்க வைக்கக் கூடாது, உங்கள் அண்ணன் கூட இருக்க வேண்டும் என்று. நடத்தையைப் பார்த்து அப்புறம் தளர்த்துவார்கள். பையன் விஷயத்தில் எந்த உத்தரவும் நிலைமை மாறினால் மாற்றக்கூடியதுதான்.

பேரணாம்பட்டு_ஆபா:

தங்கச்சி, நானும் பக்கத்து ஊர்தான். எங்கள் பக்கம் இதே கேள்வியோடு நிறையப் பெண்கள் இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். என் தங்கைக்கு அவள் கணவர் வாட்ஸ்அப்பில் மூன்று தடவை தலாக் அனுப்பினார். 2019ஆம் வருஷச் சட்டப்படி அது செல்லவும் செல்லாது, குற்றமும் கூட. அப்புறம் ஜமாத்தில் பேசி, இத்தா காலத்துக்கு (தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் சில மாதம்) மட்டும் பணம் என்று சொன்னார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெலங்கானா வழக்கு ஒன்றில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125ல் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை வைத்துத்தான் மனு போட்டிருக்கிறோம். மஹர், நிக்காஹ்வில் கணவர் தர ஒப்புக்கொண்டது, அது தனி, அவளுடையது. பிள்ளைகள் விஷயத்தில் ஹனஃபி முறைப்படி பையன் ஏழு வயது வரை, பெண் வயதுக்கு வரும்வரை தாயிடம் என்று சொல்வோம். கோர்ட் அதைக் கேட்டுக்கொண்டு கடைசியில் பிள்ளையின் நலனுக்குத்தான் வருகிறது, குமாஸ்தா ஐயா சொன்னது போல.

குடியாத்தம்_பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று அண்ணனை விட்டுச் சொல்லிவிட்டேன். உடனே பதில் வந்துவிட்டது, “அப்படின்னா சேர்ந்து வாழக் கூப்பிட்டுக் கேஸ் போடறோம், வரலைன்னா ஒரு பைசா கிடைக்காது” என்று. ஐயா, அப்படி முடியுமா? எனக்கு அந்த வீட்டுக்குத் திரும்பப் போக முடியாது. அப்புறம், லீவு கிடைப்பது கஷ்டம். ஒரே நாளில் முடிகிற மாதிரி என்னென்ன எடுத்துவர வேண்டும்?

சத்துவாச்சாரி_குமாஸ்தா:

அது இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு மனு, சேர்ந்து வாழக் கேட்பது. ஜீவனாம்ச நோட்டீஸ் போனதும் பதிலுக்கு வருகிற முதல் அம்பு அதுதான், எல்லா வழக்கிலும் பார்க்கிறேன். போடட்டும். போலீஸைக் கூட்டிவந்து உங்களை அந்த வீட்டில் கொண்டுபோய் விட யாராலும் முடியாது. அடி, குடி என்று வராமல் இருக்கக் காரணம் இருக்கிறது என்று நீங்கள் பதில் தாக்கல் செய்வீர்கள். ஒருவேளை அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு ஆகி நீங்கள் போகாவிட்டாலும், அந்த ஒரு காரணத்துக்காக ஜீவனாம்சத்தை மறுக்கக் கூடாது, ஏன் போகவில்லை என்று பார்க்கவேண்டும் என்று 2025 ஜனவரியில் ரீனா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் 9 போட்டால் மட்டும் ஒரு வேலை கூடும்: அந்த வாய்தாவுக்கு வராமல் இருந்து ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகவிடாதீர்கள். தபால்காரர் சம்மன் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்வார்கள் அக்கம்பக்கத்தில். வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துவர வேண்டியவை: உங்கள் ஆதார், பையன் ஆதார், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, வள்ளிமலையில் கொடுத்த ரசீது, தாலி கட்டும் போட்டோ, சி.எஸ்.ஆர்., அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டு, சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது. பள்ளியில் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து உங்களுடையது என்றால் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். தலைமை ஆசிரியரிடம், பையனை நீங்களோ தாத்தாவோ வந்தால் மட்டும் அனுப்பச் சொல்லி எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். உத்தரவு வரும்வரை அது ஒரு தடுப்பு.

ஒரே நாளில் முடியாது அம்மா. மனுவில் கையெழுத்துக்கு ஒரு நாள், இலவச வக்கீல் நியமனத்துக்கு முன்னாடியே ஒரு நாள். அப்புறம் எல்லா வாய்தாவுக்கும் நீங்கள் வரவேண்டியதில்லை. சமரசப் பேச்சுக்கும் சாட்சி சொல்லவும் கட்டாயம் வரவேண்டும். மற்ற நாளுக்கு இ-கோர்ட் ஆப்பில் உங்கள் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை, 16 எழுத்து இருக்கும், அடித்துப் பார்த்தால் அடுத்த தேதி தெரியும், யாருக்கும் காசு கொடுத்துக் கேட்கவேண்டாம். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், வேறு நாளில் வாருங்கள். ஜெராக்ஸ் எல்லாம் ஊரிலேயே மூன்று செட் எடுத்துவிடுங்கள், கோர்ட் வாசலில் வரிசையில் நின்றால் அரை நாள் அதிலேயே போய்விடும்.